'அவன் என்ன செய்தான்?' என்று கேட்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முன்பின் தெரியாத ஆட்களிடம் மாட்டிக்கொள்ள இருந்து தப்பியவர்களின் அனுபவங்களைத் தொகுத்து, உங்கள் நாளிதழின் இணைப்பில் வெளியிட்டிருந்தீர்கள். ஒரே மூச்சில் படித்தேன். பக்கத்தின் ஓரத்தில் கட்டம் கட்டிச் சில அறிவுரைகளைப் போட்டிருந்தீர்கள். அதில் முதல் வரி: 'பயப்படாதீர்கள், தைரியமாக இருங்கள்.'

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அதே பக்கத்தில் அனுபவம் எழுதியிருந்த அத்தனை பேரும் பயந்ததால்தான் தப்பியிருக்கிறார்கள். ஒருவர் லிஃப்டில் ஏறாமல் நின்றுவிட்டார். ஒருவர் சேர வேண்டிய இடம் வருவதற்குள் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். இன்னொருவர், உதவி கேட்டு வந்த ஆளின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியிருக்கிறார். இவர்களிடம் போய் பயப்படாதீர்கள் என்று சொன்னால் என்ன அர்த்தம்?

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் ஏன் இவ்வளவு அக்கறையாக எழுதுகிறேன் என்பது புரியும். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வீடு தேடிப் போய் ரத்தம் எடுத்து வருவது என் பொறுப்பு. பெரும்பாலும் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டியது என்பதால், ஊர் விழிப்பதற்கு முன்பே கிளம்பியாக வேண்டும். கையில் உள்ள தாளில் பெயர், வயது, முகவரி, என்ன டெஸ்ட் என்பது மட்டும் இருக்கும். கதவைத் திறக்கப்போகிறவர் யார், எப்படிப்பட்டவர் என்பதெல்லாம் அதில் இருக்காது. ஆனால் கதவு திறந்த இரண்டாவது நிமிடம் நான் அவர்களுடைய படுக்கையறையில் நிற்பேன். தோளில் பையும் மேலே வெள்ளைக் கோட்டும் இருந்தால் போதும், யாரும் எதுவும் கேட்காமல் உள்ளே விட்டுவிடுகிறார்கள். அந்த வகையில் அவர்களுக்கும் நான் முன்பின் தெரியாத ஆள்தான். இதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

இத்தனை வருடத்தில் ஒன்று கற்றிருக்கிறேன். நோயாளி இருக்கும் வீடு என்றால் அதற்கென்று ஒரு சத்தம் உண்டு. கதவைத் திறக்கும்போதே புகார் வரும். "ஆறு மணிக்கு வர்றேன்னு சொன்னீங்களே?" "போன தடவை வந்த பையன் மூணு இடத்துல குத்திட்டான், நரம்பே கிடைக்கலைன்னான்." ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று கேட்டால் மகன் ஒன்பது என்பார், மருமகள் பத்தரை என்பார், நோயாளி இரண்டு பேரையும் மறுத்து மூன்றாவதாக ஒன்று சொல்வார். மேஜை மேல் மாத்திரை அட்டைகள் கிடக்கும். பழைய ரிப்போர்ட்டை எடுத்து வந்து நீட்டி, "இதுல ஏதோ சிவப்பா போட்டிருக்கே, அது என்னம்மா?" என்பார்கள். இந்தக் களேபரம் இருந்தால் எனக்கு மனசு லேசாகிவிடும்.

ஒரு வீட்டில் இந்தச் சத்தம் இல்லை.

வயதான ஓர் அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும், வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரியும். கதவைத் திறந்தவருக்கு நாற்பது வயது இருக்கலாம். அந்த நேரத்துக்கே குளித்து, முகம் மழித்து, நல்ல சட்டை போட்டிருந்தார். நான் என்ன சொன்னாலும் சிரித்த முகம். "வாங்க வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்துட்டு இருந்தேன். தனியாவா வந்தீங்க? இந்த நேரத்துல பயமா இல்லையா?" நான் பதில் சொல்லவில்லை. பையை மேஜையில் வைத்து, சாம்பல் மூடி டியூப் ஒன்றும் ஊதா மூடி டியூப் ஒன்றும் எடுத்து வைத்தேன். கையில் கட்டும் ரப்பர் பட்டையையும் எடுத்தேன். அப்போது பின்னால் கதவின் மேல் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. கீழ்த் தாழ்ப்பாள் ஏற்கெனவே போட்டாயிற்று.

ரத்தம் எடுப்பதற்கு முன்னால் நோயாளியின் பெயரைக் கேட்டு, தாளில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். தாளைப் பார்த்து நாமே பெயரைப் படித்து "நீங்கதானே?" என்று கேட்கக் கூடாது, அவர்கள் வாயால் வர வேண்டும். எங்கள் வேலையில் முதல் பாடம் அது. "அம்மா பேர் என்ன?" என்றேன். அவர் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் பெயரைச் சொன்னார்.

பெற்ற தாயின் பெயர்.

"இங்கேயே கூட்டிட்டு வாங்க, வெளிச்சம் நல்லா இருக்கு" என்றேன். "எழுந்து நடக்க முடியாதுங்க" என்றார். "அப்ப ஒரு குரல் கொடுங்க, நான் பேசிக்கிறேன்." "தூங்கறாங்க." "எழுப்புங்க." "நீங்களே உள்ளே வந்து எழுப்புங்களேன்." நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அவர் அந்த அறைப் பக்கமே கையைக் காட்டிக்கொண்டிருந்தார். குரல் உயரவில்லை. சிரிப்பும் குறையவில்லை. என் இரண்டு கைகளிலும் மயிர் நட்டுக்கொண்டு நின்றது. ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. தாளைப் பார்த்துப் பெயர் சொன்னது, மேல் தாழ்ப்பாள், மாத்திரை அட்டையே இல்லாத வெறும் மேஜை, இதையெல்லாம் வரிசைப்படுத்தி எடுத்ததே வெளியே வந்த பிறகுதான்.

போனை எடுத்துக் காதில் வைத்தேன். யாரையும் கூப்பிடவில்லை. "அண்ணே, ஐஸ் பாக்ஸை எடுத்துட்டு மேல வாங்க, கதவு திறந்துதான் இருக்கு" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போய் மேல் தாழ்ப்பாளை இறக்கினேன். அவர் வந்து கதவில் கை வைத்தார். "ஏங்க, அஞ்சு நிமிஷ வேலைதானே?" கீழ்த் தாழ்ப்பாளையும் இழுத்தேன். அவர் கையை எடுத்துவிட்டார். படியில் இறங்கி, வண்டியை எடுத்து, ஆள் நடமாட்டமுள்ள சாலைக்கு வந்து நிறுத்திய பிறகுதான் முழங்கால் நடுங்கியது. டியூப், பட்டை எல்லாம் அந்த மேஜை மேலேயே கிடந்தன.

ஆசிரியர் அவர்களே, நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்ததைத்தான். நிலையத்துக்குப் போய்ச் சொன்னதும் மேலாளர் கேட்ட முதல் கேள்வி: "அவர் என்ன பண்ணினார்?" ஒன்றும் பண்ணவில்லை. "கையைப் பிடிச்சாரா?" இல்லை. "தப்பா ஏதாவது பேசினாரா?" இல்லை. "பின்னே?" அந்தப் 'பின்னே'வுக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்குள் அந்த ஆளே போன் செய்து, வந்த ஊழியர் மரியாதை இல்லாமல் நடந்துகொண்டார், வேலையை முடிக்காமல் ஓடிவிட்டார் என்று புகார் கொடுத்திருந்தார். என்னிடம் எழுத்தில் விளக்கம் வாங்கினார்கள். வீட்டுக்குப் போனால் என் கணவரும் ஆற அமரக் கேட்டுவிட்டு அதே கேள்வியைத்தான் கேட்டார்: "சரி, அவன் என்னதான் செஞ்சான்?"

அந்த அறைக்குள் ஒரு வயதான அம்மா உண்மையிலேயே படுத்திருந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இருந்திருக்கலாம். இருந்திருந்தால், அவருக்கு ஒரு சர்க்கரைப் பரிசோதனை ஒரு நாள் தள்ளிப்போயிற்று, அவ்வளவுதான் நஷ்டம். இல்லாமலிருந்து நான் உள்ளே போயிருந்தால் என்ன நஷ்டம் என்று கணக்குப் போட மேலாளர் தேவையில்லை. இந்த இரண்டு நஷ்டத்தையும் சமமாக வைத்துத்தான் 'ஆதாரம் கொடு' என்கிறார்கள். ஆதாரம் கிடைக்கும்வரை அந்த வீட்டில் நின்றிருந்தால், பிறகு அதைக் கொண்டுவந்து கொடுக்க நான் இருந்திருப்பேனா?

'உள்ளுணர்வு' என்றதும் பலர் அதை ஜோசியம் மாதிரி நினைத்து ஒதுக்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எத்தனையோ வீடுகளைப் பார்த்துப் பழகிய கண்ணும் காதும், இந்த வீட்டில் எது குறைகிறது என்பதை எனக்கு முன்பாகவே எண்ணி முடித்துவிடுகின்றன. மூளை ஆய்வாளர் ஜோசப் லெடூ எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் இதற்கு ஓர் அடிப்படை கிடைத்தது. ஆபத்தைக் குறிக்கும் சத்தம் மூளையின் தாலமஸ் பகுதிக்கு வந்ததும் இரண்டு பாதையில் பிரிகிறது. ஒன்று, நிதானமாக அலசிப் பார்க்கும் மூளையின் மேலடுக்கான புறணி வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். மற்றொன்று குறுக்கு வழியில் நேராக அமிக்டலாவுக்குப் போய்விடும். அமிக்டலா என்பது பாதாம் பருப்பு அளவில் இருபுறமும் இருக்கும் சிறிய பகுதி, பயத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. குறுக்கு வழியில் வரும் செய்தி தெளிவில்லாதது, ஆனால் முந்திக்கொள்ளும். உடம்பு தயாரான பிறகுதான் காரணம் வந்து சேரும். காரணம் தெரியாமல் மயிர் சிலிர்ப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

பயமே இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்பதற்கும் ஓர் ஆள் இருக்கிறார். மருத்துவ இதழ்கள் அவரை எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டுமே குறிப்பிடுகின்றன. அபூர்வமான ஒரு நோயால் அவருக்கு அமிக்டலா இரண்டு பக்கமும் சிதைந்துவிட்டது. 2011-இல் அவரைப் பற்றிய ஓர் ஆய்வு வெளியானது. பாம்பைக் கையில் கொடுத்தால் ஆவலோடு தடவிப் பார்க்கிறார். இரவில் ஒரு பூங்கா வழியாக நடந்து போகும்போது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவன் கூப்பிட்டிருக்கிறான். பக்கத்தில் போயிருக்கிறார். அவன் கழுத்தில் கத்தியை வைத்துவிட்டான். எப்படியோ விட்டுவிட்டான், இவர் ஓடக்கூட இல்லை, நடந்தே வீட்டுக்குப் போனார். மறுநாள் அதே பூங்கா வழியாகவே திரும்பவும் நடந்தார். உங்கள் கட்டத்தில் இருந்த முதல் வரியை அச்சுப் பிசகாமல் பின்பற்றக்கூடியவர் அவர் ஒருவர்தான். முன்பின் தெரியாத யார் கூப்பிட்டாலும் பக்கத்தில் போய்விடுவார். இதைத் தைரியம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் என் கடிதத்தை வேறு விதமாகப் பயன்படுத்துவார்கள். முகம், நிறம், உடை, பேச்சுவழக்கு பார்த்து வரும் அருவருப்பை உள்ளுணர்வு என்று சொல்லிக்கொள்பவர்கள் நிறைய. வில்லிஸ், டோடரோவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-இல் காட்டினார்கள்: ஒரு முகத்தை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே போதும், நம்பலாமா கூடாதா என்று மனிதர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். முடிவு வேகமாக வருகிறது என்பதால் அது சரியாகிவிடாது. நான் போகும் வீடுகளில் கதவைத் திறப்பவர் முரட்டு மீசையும் வெட்டுத் தழும்புமாக இருப்பார், தன் தகப்பனாரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்து நாற்காலியில் உட்கார வைத்து, நான் ஊசி போடும்போது அவர் கண்ணைக் கையால் மூடுவார். நான் முகத்தைப் பார்ப்பதில்லை. என்ன செய்கிறார் என்று பார்ப்பேன். என் 'வேண்டாம்' என்பதை ஏற்றுக்கொள்கிறாரா, இல்லை அதைப் பேரம் பேச வேண்டிய விஷயமாக நினைக்கிறாரா? கேட்காத உதவியை ஏன் செய்கிறார்? நான் தனியாக வந்திருக்கிறேனா என்பது அவருக்கு எதற்கு? சொல்லும் கதையில் விவரம் ஏன் இவ்வளவு அதிகம், அல்லது ஏன் இவ்வளவு குறைவு?

நல்லவர்களாகத் தெரிய வேண்டும் என்று மெனக்கெடுபவர்கள்தான் இந்த விஷயத்தில் ஆபத்தானவர்கள். அமெரிக்காவில் பல பெண்களைக் கொன்ற டெட் பண்டி, 1974 ஜூலை 14 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் சமாமிஷ் ஏரிக்கரையில் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தான். படகை வண்டியில் ஏற்ற ஒரு கை உதவி வேண்டும் என்று பெண்களிடம் கேட்டான். அடிபட்ட ஆளுக்கு உதவ மாட்டேன் என்று யார் சொல்வார்கள்? ஒரு பெண் வண்டி வரைக்கும் கூடப் போனார். அங்கே படகே இல்லை. எங்கே என்று கேட்டதற்கு, பெற்றோர் வீட்டில் இருக்கிறது, காரில் ஏறுங்கள் என்றான். நேரமில்லை என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிவிட்டார். அவன் அந்த நிமிடம்வரை அவரிடம் தவறாக எதுவும் செய்யவில்லை. அன்றைக்கே அதே கரையில் இரண்டு பெண்கள் காணாமல் போனார்கள், இரண்டு பேருமே உயிரோடு திரும்பவில்லை. திரும்பி வந்த அந்தப் பெண்ணிடம் அன்று மாலை யாராவது 'அவன் என்ன செய்தான்?' என்று கேட்டிருந்தால், 'படகு இல்லை' என்பதைத் தவிர அவரிடம் சொல்ல என்ன இருந்திருக்கும்?

நடப்பதற்கு முன்னால் 'அவன் என்ன செய்தான்?' என்று கேட்கும் அதே வாய், நடந்த பிறகு 'நீ என்ன செய்தாய்?' என்று கேட்கும். ஏன் கத்தவில்லை, ஏன் ஓடவில்லை, ஏன் கடிக்கவில்லை. இதைக் கேட்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாலியல் தாக்குதலுக்குப் பின் சுவீடனில் அவசர சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேருக்கு, தாக்குதல் நடந்தபோது கைகால் அசைக்க முடியாமல் விறைத்துப்போகும் நிலை குறிப்பிடத்தக்க அளவில் வந்திருக்கிறது. அது உடம்பு தானாகச் செய்வது. சம்மதமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. கடைசிக் கட்டத்தில் உடம்பு நம் பேச்சைக் கேட்குமா என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் முதல் கட்டத்திலேயே, அதாவது இன்னும் 'ஒன்றும் நடக்காத' கட்டத்திலேயே, வெளியேற விட வேண்டும் என்கிறேன்.

இன்னொன்றையும் விட்டுவிட முடியாது. உங்கள் இணைப்பு முழுக்க முகம் தெரியாத ஆட்களைப் பற்றியது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண் வாழ்நாளில் ஒருமுறையாவது கணவர் அல்லது துணைவரின் அடியையோ பாலியல் வன்முறையையோ, இல்லாவிட்டால் வேறொருவரின் பாலியல் வன்முறையையோ சந்தித்திருக்கிறார். அதில் பெரும்பங்கு கணவர் அல்லது துணைவர் செய்தது. துணைவர் அல்லாதவர்களின் பாலியல் வன்முறையைச் சொன்னவர்கள் 6 சதவீதம், அந்த 6-லும் தெரிந்தவர்கள் உண்டு. ஆகவே 'தெரியாத ஆளிடம் பேசாதே' என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. பெரியவர் ஒருவர் வழி கேட்க, காணாமல்போன நாயைத் தேட, பையைத் தூக்க ஒரு சின்னப் பிள்ளையிடம் உதவி கேட்டால் அதுவே விநோதம், உதவி தேவைப்படும் பெரியவர் பெரியவர்களிடம்தான் கேட்பார் என்று சொல்லிக் கொடுங்கள். 'அம்மாகிட்ட சொல்லாதே' என்று யார் சொன்னாலும், சித்தப்பாவே சொன்னாலும், உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். ஒரு குழந்தை ஒருவர் மடியில் உட்கார மாட்டேன் என்றால், "மாமாதானே, போ" என்று தள்ளாதீர்கள். அந்த நிமிடத்தில் அதனிடமும் நாம் ஆதாரம்தான் கேட்கிறோம். பிள்ளை பின்னாளில் தன் உடம்பு சொல்வதைக் கேட்குமா கேட்காதா என்பது அங்கேதான் தொடங்குகிறது.

கத்தினால் யாரும் வர மாட்டார்கள் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. நானும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஆனால் 2019-இல் வெளியான ஓர் ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் ஆகிய மூன்று நகரங்களின் கண்காணிப்பு கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளைப் பார்த்ததில், பத்தில் ஒன்பதில் பக்கத்தில் இருந்த ஒருவராவது குறுக்கிட்டிருக்கிறார். ஆகவே கூப்பிடுங்கள். பொதுவாகக் காற்றைப் பார்த்துக் கூப்பிடாமல், ஆளைப் பிடித்துக் கூப்பிடுங்கள்: "நீலச் சட்டை அண்ணா, கொஞ்சம் என் பக்கத்துல வந்து நில்லுங்க." பெயர் தெரியாவிட்டாலும் சட்டை நிறம் தெரியும். குறிப்பிட்டுக் கூப்பிட்டால் அந்த ஆளால் திரும்பிக்கொண்டு போக முடியாது.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். அது பெண்களுக்கானது இல்லை. அவர்களுக்கு அறிவுரை சொல்ல ஏற்கெனவே நிறைய பேர் இருக்கிறார்கள். முன்பின் தெரியாதவர் வீட்டுக்கு ஆளை அனுப்பிச் சம்பாதிப்பவர்களுக்கானது. பரிசோதனை நிலையங்கள், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புபவர்கள், பொருள் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள், வீடு விற்பவர்கள், பழுது பார்க்க அனுப்புபவர்கள். லண்டனில் சூசி லாம்ப்லூ என்ற 25 வயதுப் பெண் வீடு விற்பனை முகவராக வேலை பார்த்தார். 1986 ஜூலை 28 அன்று 'மிஸ்டர் கிப்பர்' என்ற பெயரில் ஒருவருக்கு வீடு காட்டப் போவதாக அலுவலக நாட்குறிப்பில் எழுதிவைத்துவிட்டுக் கிளம்பினார். திரும்பவில்லை. இதுவரை உடல்கூடக் கிடைக்கவில்லை. அவருடைய பெற்றோர் அதே ஆண்டில் அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, தனியாக வேலைக்குப் போகிறவர்களின் பாதுகாப்பை ஒரு பேசுபொருளாக்கினார்கள். யாரைப் பார்க்கப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், திரும்பாவிட்டால் யார் தேடுவது என்ற ஏற்பாடு எல்லாம் ஒருவர் காணாமல் போன பிறகுதான் தேவை என்று தெரிய வந்தது.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019-இல் நிறைவேற்றிய 190-ஆவது உடன்படிக்கை 2021 ஜூன் 25 அன்று நடைமுறைக்கு வந்தது. வேலையிடத்து வன்முறை, துன்புறுத்தல் பற்றியது. அதன் 10-ஆவது பிரிவு சொல்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: வன்முறையாலோ துன்புறுத்தலாலோ உயிருக்கோ உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ கடுமையான ஆபத்து நெருங்கியிருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், அந்த வேலையிலிருந்து விலகி வர ஊழியருக்கு உரிமை உண்டு. அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. மேலிடத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியது ஊழியரின் கடமை. கவனியுங்கள், அது கேட்பது நம்புவதற்கான காரணத்தை மட்டும்தான். அடிபட்ட காயத்தைக் காட்டச் சொல்லவில்லை. ஏற்றுக்கொண்டு உறுதி செய்த நாடுகளைத்தான் அது கட்டுப்படுத்தும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு மேலாளர் 'அவர் என்ன பண்ணினார்?' என்று கேட்பதை நிறுத்துவதற்கு எந்த நாடும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

அந்த மேலாளர் இப்போது இல்லை. புதிதாக வந்தவரிடம் நாங்கள் கேட்டு வாங்கியது ஒன்று உண்டு. தினமும் நாங்கள் எழுதிக் கொடுக்கும் தாளில் 'ரத்தம் எடுத்தாயிற்று', 'வீட்டில் ஆள் இல்லை' என்ற இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக 'திரும்பி வந்துவிட்டேன்' என்று ஒரு கட்டம். அதற்கு நேரே காரணம் எழுத இடமில்லை. வேண்டுமென்றால் வாயால் சொல்லலாம். அந்த முகவரிக்கு அடுத்த முறை இரண்டு பேராகப் போவார்கள், அல்லது நிலையத்துக்கே வரச் சொல்லிவிடுவார்கள். இதைக் கொண்டுவந்தபோது, எல்லோரும் சோம்பேறித்தனத்துக்கு இதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று கணக்குப் பார்ப்பவர் முணுமுணுத்தார். அப்படி ஒன்றும் ஆகவில்லை. முதலில் அதில் டிக் போட்டவர் ஓர் ஆண், இருபத்து இரண்டு வயதுப் பையன். வீட்டில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள், நோயாளி யார் என்று கேட்டதும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள் என்று மட்டும் சொன்னான். யாரும் அவனை மேற்கொண்டு துருவவில்லை. இந்த மாதிரி பயம் ஆண் பிள்ளைகளுக்கும் வரும், ஆனால் சொல்ல அவர்களுக்கு நம்மைவிடக் கூச்சம் அதிகம்.

அந்த மூன்றாவது கட்டத்தை மற்ற நிறுவனங்களும் வைக்க வேண்டும். வைத்திருக்கிறார்களா என்று உங்கள் செய்தியாளர்கள் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்க வேண்டும். கேட்டதைப் பெயரோடு வெளியிட்டால் இன்னும் நல்லது. அடுத்த முறை இணைப்பில் கட்டம் கட்டி அறிவுரை போடும்போது, முதல் வரியை மாற்றி, அதைப் படிக்கும் கணவர்களுக்கும் அப்பாக்களுக்கும் மேலாளர்களுக்கும் எழுதுங்கள்: உங்களிடம் ஒருவர் வந்து 'அங்கே எனக்குச் சரியாகப் படவில்லை, வந்துவிட்டேன்' என்றால், முதலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள்.

என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி